நிறுத்திக்கொள்ளும் உரிமை

2016ஆம் ஆண்டு ரியோ டி ஜனீரோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில், திரிபுராவிலிருந்து சென்ற தீபா கர்மாகர் வால்ட் என்னும் போட்டியில் ஆகாயத்தில் இரண்டு கரணம் போட்டு இறங்கி, மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றதை இரவு கண்விழித்துப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அன்று தங்கம் வென்றவர் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ். ஐந்தடி உயரம்கூட இல்லாத அந்தப் பெண், அந்த ஒரே ஒலிம்பிக்கில் நான்கு தங்கங்களையும் ஒரு வெண்கலத்தையும் பெற்று, ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தையில் தமக்கு நிகரானவர் யாருமில்லை என்ற பிரசித்தியை அடைந்தார். அப்பேர்ப்பட்டவர் டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், அணிப் போட்டியின் நடுவே ஒதுங்கிக்கொண்டார் என்ற செய்தி 2021 ஜூலை 27 அன்று வந்தபோது திகைக்காதவர் இல்லை. அவர் ஏன் ஒதுங்கினார் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர் செய்துவந்த காரியம் எத்தகையது என்பதை முதலில் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

வால்ட் போட்டியில் இறங்கும் பெண் ஏறக்குறைய எண்பதடி தூரம் பாய்ந்து ஓடிவந்து, வில்பலகையை மிதித்து, நாலடிக்குச் சற்று அதிகமான உயரமுள்ள மேடையின்மீது இரு கைகளையும் ஒரு கணம் ஊன்றி, அந்த ஊன்றலின் வேகத்திலேயே மேலெழும்பி, கரணத்தோடு திருகலும் சேர்ந்து தன் சரீரத்தைச் சுழற்றி, மறுபக்கத்துப் பாயில் இரு கால்களும் பதியுமாறு வந்து நிற்கவேண்டும். கை மேடையை விட்ட பிறகு யோசிக்க அவகாசம் கிடையாது. அதன்பின் நடப்பதெல்லாம் கண் இமைத்து மூடும் நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் முடிந்துவிடும். அன்று பைல்ஸ் செய்ய உத்தேசித்தது, நீட்டிய உடலோடு இரண்டரை முறை திருகி இறங்கும் அமனார் என்ற வித்தை. ஆனால் ஒன்றரைத் திருகலிலேயே அவருடைய உடல் விரிந்துவிட்டது. முழங்கால் மடங்கிக் குந்தியபடி இறங்கி, ஒரு பெரிய எட்டு முன்னே வைத்துச் சமாளித்துக்கொண்டார். நடுவர்கள் கொடுத்த மதிப்பெண் 13.766, அவருக்கு அது மிகவும் குறைவு. அணி வைத்தியருடன் வெளியே போய்த் திரும்பிவந்தவர், மேலங்கியை அணிந்துகொண்டு, தமக்குப் பதிலாக இறங்கப்போகும் தோழிகளை அணைத்து ஊக்கப்படுத்தத் தொடங்கினார். ஜோர்டன் சைல்ஸும் சுனிசா லீயும் அவருடைய இடத்தை நிரப்ப, கிரேஸ் மெக்காலமும் சேர்ந்த அந்த அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது.

ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவர்கள் 'ட்விஸ்டீஸ்' என்று சொல்லும் நிலை அவருக்கு நேர்ந்திருந்தது. அந்தரத்தில் சுழலும்போது, தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம், தரை எவ்வளவு கீழே இருக்கிறது, இன்னும் எத்தனை திருகல் பாக்கி என்பவற்றையெல்லாம் மனம் கணக்குப் போட்டு அறிவதில்லை. பல்லாயிரம் தடவை செய்து செய்து உடலுக்குள் ஊறிப்போன ஓர் உணர்வே அதை அறிகிறது. இருட்டில் மாடிப்படி இறங்குகையில், இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்து வெறுந்தரையில் இடறியவர்களுக்கு அந்த உணர்வு ஒரு நொடி தப்பினால் என்ன ஆகும் என்பது தெரியும். வித்தைக்காரிக்கோ அது தப்புவது தலைகீழாக இருக்கும்போது. மன உறுதியைக் கூட்டிக்கொண்டு மீண்டும் முயல்வதால் அது திரும்பி வந்துவிடாது. பயமும் பதற்றமும் மிகுந்தால் இன்னும் விலகியே போகும். கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளரே இல்லாத மண்டபம், குடும்பத்தாரை அழைத்துவர முடியாத தனிமை, தங்கத்துக்குக் குறைந்த எதையும் தோல்வியாகவே எண்ணும் ஒரு தேசத்தின் எதிர்பார்ப்பு ஆகிய இவையெல்லாம் அந்தச் சமயத்தில் அவர்மீது கவிந்திருந்தன.

அவர் அணியைக் கைவிட்டார் என்றும், வலியைப் பொறுத்துக்கொண்டு போராடுவதே வீரமென்றும் அப்போது பலர் எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் சிலர் எடுத்துக்காட்டியது 1996இல் அட்லாண்டாவில் கெர்ரி ஸ்ட்ரக் செய்ததை. முதல் தாவலில் விழுந்து கணுக்காலில் அடிபட்ட அந்தப் பதினெட்டு வயதுப் பெண், அந்தக் காலோடு இரண்டாவது முறையும் ஓடித் தாவி இறங்கி, மறுகணமே பாயில் சரிந்தார். பயிற்சியாளர் அவரைத் தூக்கிக்கொண்டு பதக்க மேடைக்கு வந்த காட்சி உலகப் பிரசித்தம். அவர் அந்த இரண்டாவது தாவலைச் செய்யாமலே இருந்திருந்தாலும் அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பதை மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். தனிப்பட்ட இறுதிப் போட்டிகளில் அவரால் கலந்துகொள்ள முடியாமற்போனதுதான் மிச்சம். அவருடைய தைரியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தைரியத்தை அவரிடம் கேட்டவர்களைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல்.

ஸ்ட்ரக்காவது கணுக்காலோடு தப்பினார். சோவியத் நாட்டு எலேனா முகினாவின் கதையைத் தெரிந்தவர்கள் பைல்ஸை நிந்தித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 1978இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உலக சாம்பியன் பட்டம் வென்ற அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு கால் எலும்பு முறிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்ததால், கால் முழுதும் குணமாகுமுன்பே பயிற்சி மண்டபத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அமெரிக்கரான கர்ட் தாமஸின் பெயரால் வழங்கிய ஒரு கரணத்தை, ஆண்கள் செய்வதை, அவருக்குக் கற்பித்தார்கள். ஒன்றரைக் கரணமும் ஒன்றரைத் திருகலுமாகப் பின்புறம் பாய்ந்து, கழுத்தைக் காத்தபடி தரையில் உருண்டு எழவேண்டிய அந்த வித்தையில், உயரம் சற்றுக் குறைந்தாலும் முதலில் தரையைத் தொடுவது மோவாய்தான். இதில் என் கழுத்து முறிந்துவிடும் என்று தாம் பயிற்சியாளரிடம் சொன்னதாகவும், உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து முறியாது என்று அவர் பதில் கூறியதாகவும் முகினாவே பிற்காலத்தில் தெரிவித்தார். 1980 ஜூலை 3 அன்று, ஒலிம்பிக் தொடங்க இரண்டே வாரங்கள் பாக்கியிருக்கையில், மின்ஸ்க் நகரத்துப் பயிற்சி மண்டபத்தில் அந்த வித்தையைச் செய்தபோது, வலுவற்ற கால் போதிய உயரம் கொடுக்காமல், அவர் மோவாய்மேல் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலற்றுப் போயின. இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதியே அங்கே விழுந்து கிடந்தபோது தமக்கு முதலில் தோன்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார். இருபது வயதுப் பெண்ணுக்கு, படுத்த படுக்கையாவது ஒன்றே விடுதலைக்கு வழியாக இருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் அவ்வாறே கிடந்து, 2006 டிசம்பரில், நாற்பத்தாறாவது வயதில் காலமானார். பெண்கள் அந்தக் கரணத்தைப் போட்டிகளில் செய்யக்கூடாதென்று பின்னர் தடை வந்தது.

முகினாவுக்கும் உடல் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிற்று. அவரும் அதை எடுத்துரைத்தார். அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பைல்ஸுக்கு வாய்த்தது அவருக்கு வாய்க்காத அதிகாரம். இருபத்துநான்கு வயதும், உலகறிந்த பெயரும், முந்தைய பதக்கங்களும் இருந்ததனால்தான் அவரால் வேண்டாமென்று சொல்ல முடிந்தது என்பதை எண்ணும்போது, பெயரெடுக்காத பெண்களின் நிலை என்னவென்று கவலையாக இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம், நிருபர்களைச் சந்திப்பது தம் மனநிலையைக் கெடுக்கிறதென்று சொல்லி அதைத் தவிர்த்த டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவுக்குப் பிரெஞ்சுப் போட்டி நிர்வாகத்தார் 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் போட்டியை விட்டே விலகினார். அவராலும் அது இயன்றது. பயிற்சி மண்டபத்தில் சேர்ந்திருக்கும் பதினான்கு வயதுச் சிறுமிக்கோ, தன் அச்சத்தைப் போய்ச் சொல்ல ஒருவர் வேண்டும்; அவர் நம்பத்தக்கவராகவும் இருக்கவேண்டும். அமெரிக்க அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டு தண்டனை பெற்றவர். அவரால் பாதிக்கப்பட்டவர்களில் பைல்ஸும் ஒருவர். டோக்கியோவிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, நாசரை மட்டுமல்ல, அவருக்கு இடங்கொடுத்த அமைப்பு முழுவதையும் தாம் குற்றம் சாட்டுவதாக அவர் சொன்னார். தீங்கைத் தடுக்கவேண்டியவர்களே அதை மூடிவைத்த ஓர் அமைப்பில், உன் உடலை எங்களிடம் ஒப்படைத்துவிடு என்று ஒரு பெண்ணைக் கேட்பதற்கு யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

டோக்கியோவிலேயே அவர் மீண்டும் ஒருமுறை போட்டியிட்டார். ஆகஸ்டு 3 அன்று, பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள பீம் என்னும் சட்டத்தின்மேல், வழக்கமாகச் செய்யும் திருகலோடு கூடிய இறக்கத்தை விட்டுவிட்டு, திருகலில்லாத இரட்டைக் கரணமாக மாற்றிக்கொண்டு இறங்கி, வெண்கலம் பெற்றார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவர் அளந்து வைத்திருந்தது இந்த மாற்றத்தில் நன்றாகத் தெரிகிறது. பயந்து ஓடியவருடைய கணக்கு இவ்வளவு நுட்பமாக இருக்காது.

பிறகு இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்து திரும்பி, 2024இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இந்த வெற்றியைக் காட்டி டோக்கியோ முடிவு சரிதான் என்று வாதிப்பது எனக்குச் சம்மதமில்லை. பாரிஸுக்கு அவர் போகாமலே இருந்திருந்தாலும், போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாலும், அன்று அவர் நிறுத்திக்கொண்டது சரியே. பாரிஸ் செய்திகளில் என் மனத்தில் பதிந்தது வேறொன்று. அணிப் போட்டி நடந்த தினத்தன்று காலையில் தம் மனநல ஆலோசகருடன் பேசிவிட்டே மண்டபத்துக்கு வந்ததாக, தங்கம் வென்ற பிறகு அவர் நிருபர்களிடம் கூச்சமின்றிச் சொன்னார்.