தடுப்பூசி போட முடியாத உயிர்

கூண்டில் முட்டையிடும் கோழியையே வைத்து அடுத்த தலைமுறைக் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாமே என்று நாமக்கல் பண்ணைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார். பிவி-300 போன்ற முட்டைக்கோழிக்குப் பின்னால் தூய வழி, அதன் கீழே கிராண்ட் பேரன்ட், அதன் கீழே பேரன்ட் என்று ஒரு வரிசை இருக்கிறது. பண்ணைக்கு வருவது கடைசிப் படி மட்டும்தான் என்பது அவருக்கு மனப்பாடம். கடலோர இறால் குட்டைகளிலும் இதே விதிதான். ஆனால் கோழித் தொழிலில் ஊறிப்போன இந்த அறிவு, இறால் தொழிலில் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இன்று நம் நாட்டுக் குட்டைகளில் வளர்வது பெரும்பாலும் வெனாமி இறால். மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையோரம்தான் அதன் பிறந்த வீடு. இந்தியாவில் வணிக வளர்ப்புக்கு 2009-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு நாகப்பட்டினத்திலும் நெல்லூரிலும் வளர்ந்தது நம் கடலின் வரி இறால். அதற்குத் தாய் இறாலை ஆழ்கடலில் பிடித்துத்தான் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தாயின் உடம்பில் என்ன நோய் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் குட்டைகளைக் காலி செய்தபோது, தாயிடமிருந்தே குஞ்சுக்கு அந்த வைரஸ் போனதும் ஒரு காரணம்.

கோழிக்கு ராணிக்கெட் வரும் என்றால் முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுகிறோம். கோழியின் உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்து ஆன்டிபாடி செய்கிறது. இறாலால் ஆன்டிபாடி செய்ய முடியாது. கிருமியைப் பொதுவாக எதிர்க்கும் செல்கள் உண்டு. ஆனால் கோழிக்குப் போடுவது போன்ற தடுப்பூசி அதனிடம் பலிக்காது. ஆகவே இரண்டே வழிகள். கிருமியைப் பண்ணைக்குள் விடாமல் இருப்பது ஒன்று. தாங்கி நிற்கும் வம்சத்தைத் தேர்ந்து பெருக்குவது மற்றொன்று.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பலர் பணம் இழக்கிறார்கள். எஸ்.பி.எஃப். முத்திரையுள்ள தாய் இறாலிடம் பட்டியலிட்ட குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை. அந்த முத்திரைக்கு அவ்வளவுதான் பொருள். அதன் குஞ்சு நோயைத் தாங்கும் என்ற உறுதி அதில் கிடையாது. அழுக்குத் தண்ணீரில் விட்டால் மற்றவற்றைப் போலவே அதுவும் சாகும்.

மரக்காணம் பக்கம் உள்ள பொரிப்பகம் ஒன்றுக்குள் இரவில் போனால் இந்த வேலையின் நுணுக்கம் புரியும். தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கியிருப்பார்கள். சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகு நெடுகச் சினைப்பை திரண்டிருப்பது தெரியும். வெனாமி ஒரு தடவையில் ஒன்று முதல் இரண்டரை லட்சம் முட்டை இடும். சுமார் 16 மணி நேரத்தில் அவை பொரிந்துவிடும். தொட்டியின் மேலே விளக்கைக் காட்டினால் வலுவான குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஏறி வரும். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஏறி வருவது வலுவானது என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். எந்தக் குடும்பம் என்று சொல்லாது. இனவிருத்தி மையங்களில் வால் பகுதியின் தோலுக்கடியில் வண்ணப் பசையைச் செலுத்தி, குடும்பத்துக்கு ஒரு வண்ணச் சேர்க்கை என்று அடையாளம் வைக்கிறார்கள். எது வேகமாக வளர்ந்தது, எது நோயில் பிழைத்தது என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுக்கிறார்கள். ஹவாயில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ச்சிக்காக மட்டும் தேர்ந்தெடுத்த வெனாமி ஒரே தலைமுறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வளர்ந்தது. இறாலைக் கொல்லும் டாரா வைரஸைத் தாங்குவதையே முதன்மையாக வைத்துத் தேர்ந்தெடுத்த வழியோ வளர்ச்சியில் சற்றுப் பின்தங்கியது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையலாம் என்பதை வளர்ப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

 

லட்சக்கணக்கான முட்டை ஒரு வரம் போலத் தெரியும். ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது. பொரிப்பகம் முழுவதையும் நிரப்ப ஒரு சில தாய்களே போதும். குட்டையில் வளர்ந்ததையே தாயாக்கி மறுபடி குஞ்சு எடுத்தால், அண்ணன் தங்கையை இணைத்தது போல் ஆகிவிடும். உடன்பிறந்தவை ஒரே முறை இணைந்தாலே உட்கலப்பு அளவு 25 சதவீதம். அப்படிப் பிறந்தவற்றின் வளர்ச்சி குன்றும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். வெப்பமண்டல நாடுகளின் இறால் நோய்களுக்கு உட்கலப்பும் தூபம் போடுகிறது என்று மரபியலாளர் ரோஜர் டாய்ல் 2016-இல் எச்சரித்தார். மலிவு விலைக் குஞ்சு என்று வாங்குகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

மரபு வேற்றுமையின் உண்மையான சேமிப்பு கடலில்தான் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து, பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற கழிமுகங்களில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. மிதக்கும் பருவத்தில் மரபு கலந்தாலும் எல்லாக் கடலும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் வரி இறாலும் தென்கிழக்கு ஆசியாவின் வரி இறாலும் மரபில் தெளிவாக வேறுபடுகின்றன. குஞ்சு வளரும் கழிமுகத்தின் அலையாத்திக் காடு அழிந்தால் இந்தச் சேமிப்பும் கரையும். இனப்பெருக்கக் காலத்தைக் காக்க ஏப்ரல் 15 முதல் விதிக்கும் 61 நாள் மீன்பிடித் தடை எவ்வளவு முக்கியம் என்பதும் இங்கேதான் விளங்குகிறது.

வெனாமியின் மூலத் தாய்க்கு நாம் இன்றும் பெரிதும் வெளிநாட்டை நம்பியிருக்கிறோம். இறக்குமதியாகும் தாய் இறால் சென்னை நீலாங்கரையின் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டித்தான் பொரிப்பகத்துக்குப் போகிறது. இதற்கு மாற்றாகத்தான் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நம் கடலின் வெள்ளை இறாலுக்கு மரபு மேம்பாட்டுத் திட்டத்தை 2022-இல் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு சுமார் 25 கோடி ரூபாய். பல கடற்கரைப் பகுதிகளின் தாய்களைச் சேர்த்து அகன்ற அடித்தளம் போட்டு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் வேலை இது. இரண்டு மூன்று ஆண்டில் பலனைக் கேட்டு, இல்லையென்று பணத்தை நிறுத்தினால் அதுவரை சேர்த்த குடும்பங்கள் அத்தனையும் வீணாகும். கோழி வம்சம் ஒன்றை உருவாக்க எத்தனை காலம் பிடிக்கும் என்று நாமக்கல்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பொறுமையை வெள்ளை இறாலுக்கும் அரசு தர வேண்டும்.