எல்லாத்துலயும் 'ஆர்' வந்தா மருந்தே இல்லையா?

போன மாசம் ஸ்ரீரங்கத்துல எதிர்வீட்டு மாமா ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டோட வந்தார். மாமிக்கு சிறுநீர்த் தொற்று, தில்லைநகர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. வரிசையா மருந்துப் பேர்கள், அநேகமா எல்லாத்துக்கும் எதிரே 'ஆர்'. "அப்போ மருந்தே கிடையாதாடா?"ன்னார்.

'ஆர்' என்றால் ரெசிஸ்டன்ட். அந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாது. ஆனால் வழக்கமான ரிப்போர்ட் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகத்தான் சோதிக்கிறது. இரண்டு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

ரிப்போர்ட்டின் அடியில் 'என்டிஎம்' என்று இருந்தது. மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி இது. 2010இல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த ஆய்வு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இதைக் கண்டது.

என்டிஎம்மால் உடைக்க முடியாத மருந்து ஒன்று உண்டு: அஸ்ட்ரியோனம். சிக்கல் என்னன்னா, என்டிஎம் உள்ள கிருமி பெரும்பாலும் வேறு நொதிகளையும் வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். அந்த நொதிகளைக் கட்டிப்போடுவது அவிபாக்டம். ஒண்ணு கிருமியைக் கொல்ல, இன்னொண்ணு அதுக்குக் காவல். அவிபாக்டம் செஃப்டாசிடிமோடு சேர்ந்து கிடைப்பதால், டாக்டர்கள் அந்த மருந்தையும் அஸ்ட்ரியோனத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

லேபில் இதைச் சோதிக்க நாலு டியூப் போதும். எல்லாத்துலயும் கிருமி வளர்வதற்கான திரவம். முதலாவதில் மருந்து இல்லை. இரண்டாவதில் அஸ்ட்ரியோனம் வில்லை, மூன்றாவதில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வில்லை, நாலாவதில் இரண்டும். மருந்து திரவத்தில் இறங்கியதும் கிருமியைச் சேர்த்து, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைப்பார்கள். காலையில் மற்ற மூன்றும் கலங்கி, நாலாவது மட்டும் தெளிவாக இருந்தால், சேர்க்கை வேலை செய்கிறது.

கணக்கு சரியா இருக்கே, அப்புறம் டெஸ்ட் எதுக்கு? மருந்து போய் ஒட்டும் புரதமே சில ஈ.கோலை கிருமிகளில் மாறியிருக்கிறது. இந்தியாவில் இது அரிதல்ல. அவற்றிடம் இந்தச் சேர்க்கையும் தடுமாறும்.

டியூபில் ஜெயித்தது உடம்பிலும் ஜெயிக்கும் என்றும் இல்லை. கொலிஸ்டினோடு மெரோபெனம் சேர்த்தால் லேபில் நன்றாகவே வேலை செய்தது. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலியில் 406 நோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியிட்டபோது, கொலிஸ்டின் மட்டும் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் மெடிக்கல் ஷாப்பில் நாமாக ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சேர்த்துப் போடுவது வைத்தியமே அல்ல.

மாமாகிட்ட ஒண்ணுதான் சொன்னேன்: "சேர்த்து டெஸ்ட் பண்ண முடியுமான்னு டாக்டரைக் கேளுங்கோ." அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தாராம். ரெண்டு நாள் கழிச்சு மாமா போன் பண்ணினார். நாலாவது டியூப் தெளிவா இருந்ததாம்.