அசல் எது, நகல் எது?

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ என்றாலே டிஸ்டர்ப்ட் குழுவின் மொட்டைத்தலைப் பாடகர் டேவிட் டிரைமன்தான். “அட, அது அறுபதுகளில் வந்த பாட்டு, இது வெறும் நகல்” என்று சொல்ல வாயெடுக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அசல் என்று நினைப்பதும் அசல் இல்லை.

பாட்டை எழுதிய போல் சைமனுக்கு அப்போது இருபது வயது சொச்சம். நியூயோர்க்கில் பெற்றோர் வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்து, குழாயைத் திறந்துவிட்டு, இருட்டில் கிற்றார் வாசிப்பாராம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அவருக்குப் பிடிக்கும். 1964 மார்ச்சில் ஆர்ட் கார்ஃபங்கலோடு சேர்ந்து அதைப் பதிவுசெய்தார். இரண்டு குரல், மின்சாரம் படாத கிற்றார், மேளம் கிடையாது. இசைத்தட்டு வெளிவந்தது, விலைபோகவில்லை. இருவரும் பிரிந்தார்கள். சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சின்னச் சின்ன மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார்.

அங்கே அமெரிக்காவில், சில வானொலிகளில் மாணவர்கள் இந்தப் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் டொம் வில்சன் மோப்பம் பிடித்துவிட்டார். பொப் டிலானோடு வேலை செய்தவர், எந்தக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியாதா? 1965 ஜூனில் பழைய ஒலிநாடாவின் மேல் மின்கிற்றார், பாஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஏற்றினார். பாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! கவனித்துக் கேளுங்கள், சில இடங்களில் தாளம் குரலுக்காகத் தயங்கி நிற்கும். பாடும்போது இல்லாத டிரம்ஸ் பிறகு ஒட்டவைக்கப்பட்டதால் வந்த தடுமாற்றம் அது. 1966 ஜனவரியில் அந்த ‘ஒட்டுப்போட்ட’ பாட்டுத்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பிரிந்த இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். நாம் தலைமுறை தலைமுறையாக அசல் என்று கொண்டாடுவது இதைத்தான்.

அரை நூற்றாண்டு கழித்து, 2015இல் சிக்காகோவின் டிஸ்டர்ப்ட் குழு இதைக் கையிலெடுத்தது. காது கிழிய வாசிக்கிற ஆட்கள். ஆனால் இந்தப் பாட்டுக்குப் பியானோவையும் நரம்பு வாத்தியங்களையும் வைத்தார்கள். வில்சன் கொண்டுவந்து ஏற்றிய இரைச்சலை, இரைச்சலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இறக்கி வைத்துவிட்டார்கள். டிரைமன் அடிக்குரலில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் வெடிக்கிறார். 2016இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பாடியதைப் பார்த்துச் சைமனே பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார்.

எனக்கு அந்த வெடிப்பில் முழுச் சம்மதம் இல்லை. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாத உலகத்தைப் பற்றிய பாட்டு இது. இரண்டு இளைஞர்கள் தாழ்ந்த குரலில் சேர்ந்து பாடும்போது அதிலிருக்கும் பயம், ஒற்றைக் குரல் உச்சத்தில் முழங்கும்போது கோபமாக மாறிவிடுகிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் இந்தப் பாட்டுக்குள் வந்தார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், அந்த மேளமில்லாத 1964 பதிவைத் தேடிப் போட்டுக்காட்டுங்கள். நம்மில் பலரும் அதை இன்னும் கேட்டிருக்க மாட்டோம்.