நகரப் பூங்கா, தெரு மேம்பாட்டு மானியங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

நகர மேம்பாட்டு மானியம் என்பது பூங்கா, நடைபாதை, தெருவிளக்கு, மிதிவண்டித் தடம் போன்ற பணிகளுக்காக நடுவண் அரசோ மாநில அரசோ நகராட்சிக்கு வழங்கும், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத நிதியாகும். ஐக்கிய அமெரிக்காவில் சொத்து வரியும் விற்பனை வரியும் நகரங்களின் முக்கிய வருவாய்கள். அவற்றில் பெரும்பகுதி காவல், தீயணைப்பு, ஊதியம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கே செலவாகிறது. எனவே புதிய பூங்காவும் சீரான தெருவும் பல நகரங்களில் மானியம் கிடைப்பதைப் பொறுத்தே அமைகின்றன.

இரு வகை மானியங்கள்

முதல் வகை, மக்கள்தொகை, வறுமை போன்ற அளவுகளைக் கொண்டு விதிப்படி பகிரப்படுவது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் ஓரளவு உறுதி உண்டு. எனினும் மொத்தத் தொகையை அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுதோறும் முடிவு செய்வதால் நகரங்களின் பங்கு கூடலாம், குறையலாம்.

இரண்டாம் வகை போட்டி மானியம். நகரங்கள் விண்ணப்பிக்க வேண்டும்; தேர்வானவற்றுக்கு மட்டுமே நிதி கிடைக்கும். 2009இல் டைகர் என்ற போக்குவரத்து மானியத்திற்கு 150 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 1,400க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவை கேட்ட தொகை ஏறத்தாழ 6,000 கோடி டாலர். 51 திட்டங்களே தேர்வாயின.

நகரின் பங்கும் முன்செலவும்

மானியம் பெரும்பாலும் முழுச் செலவையும் ஏற்பதில்லை. கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து நிதி பெறும் நில, நீர் பாதுகாப்பு நிதியம் 1965 முதல் செயல்படுகிறது. உள்ளூர்ப் பூங்காத் திட்டத்தில் அது பாதிச் செலவை மட்டுமே தரும். மறுபாதியை உள்ளூரில் திரட்ட வேண்டும். நகரம் முதலில் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகே பணம் வரும். நிதியுதவி பெற்ற நிலம் என்றும் பொழுதுபோக்கு நிலமாகவே இருக்க வேண்டும். வேறு பயனுக்கு மாற்றினால் ஈடான நிலம் தர வேண்டும்.

இந்நிதியத்திற்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை அனுமதி இருந்தும், பல ஆண்டுகளில் காங்கிரஸ் அதைவிடக் குறைவாகவே ஒதுக்கியது. 2020ஆம் ஆண்டுச் சட்டமே முழுத் தொகையையும் உறுதி செய்தது.

அறிவிப்பும் ஒப்பந்தமும்

மானியம் அறிவிக்கப்பட்டதாலேயே பணம் நகரின் கைக்கு வந்துவிடாது. சுற்றுச்சூழல் ஆய்வு போன்ற படிகள் முடிந்து நிதி ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கட்டுமான விலை உயரலாம், ஆட்சி மாறலாம். நெடுஞ்சாலைகளால் துண்டிக்கப்பட்ட குடியிருப்புகளை மீண்டும் இணைப்பதற்காக 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 320 கோடி டாலர் ஒதுக்கியது. ஒப்பந்தமாகாமல் எஞ்சியிருந்த தொகையை 2025 சூலையில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே தேர்வாகியிருந்த சில நகரங்களும் இதனால் நிதியை இழந்தன.

விளைவுகள்

விண்ணப்பம் எழுதவே பொறியாளர், வரைபடம், செலவு மதிப்பீடு, மக்கள் கருத்துக் கூட்டம் ஆகியவை வேண்டும். நிறைவேறாவிட்டால் அச்செலவு வீண். பெரிய நகரங்களில் இதற்கெனத் தனிப் பணியாளர்கள் உள்ளனர். சிறிய, வருவாய் குறைந்த ஊர்களில் ஒரே அலுவலர் பல வேலைகளைப் பார்க்கிறார்; பங்குத்தொகை திரட்டுவதும் கடினம். இதனால் தேவை மிகுந்த இடமே போட்டியில் பின்தங்க நேர்கிறது. சில திட்டங்கள் பங்குத்தொகையைக் குறைத்தோ தள்ளுபடி செய்தோ இக்குறையை ஓரளவு சரிசெய்கின்றன.

மேலும், இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் கட்டுவதற்கே தரப்படுகின்றன. புல் வெட்டுவது, விளக்கு மாற்றுவது, உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்வது ஆகியவை நகரின் சொந்தச் செலவு.

நகரங்கள் கையாளும் வழிகள்

நகரங்கள் பணியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. வரைபடங்களை முன்கூட்டியே ஆயத்தமாக வைக்கின்றன. பங்குத்தொகைக்காகக் கடன் பத்திரம் வெளியிடுகின்றன. மானியம் கிடைக்காவிட்டாலும் முதல் கட்டம் மட்டும் தனித்துப் பயன்படும்படி திட்டமிடுவது இவற்றுள் முக்கியமானது. அவ்வாறு செய்யாத நகரத்தில், பாதியில் நின்ற நடைபாதையே மிஞ்சும்.