கழிவுநீருக்குக் கட்டிய அரண்மனை

லண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது கிராஸ்னெஸ் நீரேற்று நிலையம். உள்ளே வண்ணம் பூசிய வார்ப்பிரும்புத் தூண்கள், இலையும் கனியுமாக வேலைப்பாடுகள். பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். ஆனால், அது கழிவுநீர் இறைப்பதற்காகக் கட்டப்பட்டது.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. நகரின் கழிவு ஆற்றில் கலந்தது. அந்த நீரையே பலர் குடித்தனர். காலரா ஏற்கெனவே பல்லாயிரம் உயிர்களைப் பறித்திருந்தது.

பொறியாளர் ஜோசஃப் பேசல்ஜெட், நிலத்தடியில் செங்கல் கால்வாய்கள் அமைத்துக் கழிவைக் கிழக்கே திருப்பினார். தென்கரைக் கழிவை மேலேற்ற, 1865ல் கிராஸ்னெஸில் நான்கு நீராவி இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின.

நாற்றமே நோய் பரப்புகிறது என்று அன்று பலர் நம்பினர். நம்பிக்கை தவறு, தீர்வு சரி. பணி முடியாதிருந்த கிழக்கு லண்டனில் 1866ல் காலரா மீண்டும் தாக்கியது. அதன்பின் அந்நகரில் அப்படியொரு பேரழிவு இல்லை.

1950களில் நிலையம் மூடப்பட்டது. இயந்திரங்களைக் கழற்றுவதற்கே செலவு அதிகம் என்பதால் அவை தப்பின, ஆனால் துருப்பிடித்தன. பின்னர் தொண்டூழியர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு, 'பிரின்ஸ் கன்சார்ட்' இயந்திரத்தை 2003ல் மீண்டும் ஓடவைத்தனர். பேசல்ஜெட்டின் கால்வாய்களோ இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

சிங்கப்பூரில் 1987 வரை வாளிக் கழிவறைகள் இருந்தன. தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலும் கோட்டையும் மட்டுமா மரபுடைமை? நம்மை நோயின்றி வாழவைத்தவையும்தான்.