ஐந்து பேர், ஒரு ஸ்பைக்: வேலரண்ட் எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது?

காஞ்சிபுரத்து வீடுகளில் ‘ஆன்லைன் கேம்’ என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர்களுக்கு முகம் மாறிவிடும். அவர்கள் மனதில் ஓடுவது ரம்மி. பணம் கட்டி ஆடி, கடன் வாங்கி, கடைசியில் செய்தித்தாளில் இடம்பிடித்த குடும்பங்களின் கதை. அந்தக் கோபம் நியாயமானது. அதன் விளைவாகத்தான் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழகச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. ஆனால் அதே மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது என்பது பலர் காதுக்கு எட்டவில்லை. கல்லூரிக்குப் போகும் பையன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு “பி சைட்ல ரெண்டு பேர்டா” என்று கத்தினால், அங்கே நடப்பது ரம்மி இல்லை. அது பெரும்பாலும் வேலரண்ட்.

பணம் பந்தயம் இல்லை என்பதாலேயே அது நல்ல விளையாட்டு ஆகிவிடாது. துப்பாக்கி இருக்கிறது என்பதாலேயே கெட்டதும் ஆகிவிடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவதுதான் முறை.

அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் இதை 2020 ஜூன் 2 அன்று வெளியிட்டது. கம்ப்யூட்டரில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆடுபவரின் கண் வழியாகவே களம் தெரியும். திரையில் கையும் துப்பாக்கியும் மட்டும். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். தாக்கும் அணி ‘ஸ்பைக்’ என்ற வெடிபொருளைக் குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் 45 விநாடியில் வெடிக்கும். காக்கும் அணி அதற்குள் அந்த இடத்தைப் பிடித்து, 7 விநாடி அசையாமல் நின்று, அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு ரவுண்டுக்கு 100 விநாடி. 12 ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறும். முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கும் அணிக்கு ஆட்டம். சுடப்பட்டு விழுந்தவர் பெரும்பாலும் அந்த ரவுண்டு முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கும். 1999-இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் வாரிசு இது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து, பக்கத்துச் சீட்டு நண்பனையே சுட்டு விளையாடிய தலைமுறை ஒன்று தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் உண்டு. வேலரண்ட் அந்த எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சில தனித் திறமைகளைச் சேர்த்தது. சேஜ் என்ற பாத்திரம் சுவர் எழுப்புவார், காயத்தை ஆற்றுவார், இறந்த கூட்டாளியை எழுப்பவும் செய்வார். சைஃபர் கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டி, கேமரா வைத்து உளவு பார்ப்பார். ஓமென் புகை போட்டுப் பாதையை மறைப்பார். யார் எந்த வேலை செய்வது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானமாக வேண்டும். ஐந்து பேரும் முன்னால் பாய்ந்து சுடும் பாத்திரங்களையே எடுத்தால், அந்த ஆட்டம் பாதி தோற்றது மாதிரிதான்.

வேலரண்டின் அசல் பலம் துப்பாக்கியில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்பும் ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் கிரெடிட்டைக் கொடுத்து ஆயுதம் வாங்க வேண்டும். முதல் ரவுண்டில் கையிருப்பு 800. ரவுண்டை ஜெயித்தால் 3,000 வரும். தோற்றால் 1,900, அடுத்ததும் தோற்றால் 2,400, அதற்கடுத்தும் தோற்றால் 2,900. முக்கியத் துப்பாக்கியான வேண்டல் 2,900, நல்ல கவசம் 1,000. இரண்டுக்கும் சேர்த்து 3,900 வேண்டும். முதல் ரவுண்டைத் தோற்றவர் கையில் இருப்பது ஏறத்தாழ 1,900. அவசரப்பட்டு அதற்கு ஏதோ ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கலாம். அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது ரவுண்டையும் வெறுங்கையோடு விட்டுக்கொடுத்தால், மூன்றாவது ரவுண்டில் 4,300 சேர்ந்திருக்கும். முழு ஆயுதத்தோடு இறங்கலாம்.

இந்தக் கணக்கு ஐந்து பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். நான்கு பேர் சேமிக்கும்போது ஒருவர் மட்டும் செலவழித்தால், அடுத்த ரவுண்டில் அவர் கையில் வெறும் பிஸ்டல். கையில் மிச்சமிருக்கும் கூட்டாளி அவருக்கும் சேர்த்து வேண்டல் வாங்கித் தரலாம்; அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. தோற்றவனுக்கும் அடுத்தடுத்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, மீண்டு வர வழி வைத்த இந்த ஏற்பாடு அருமையான வடிவமைப்பு. 3-9 என்று பின்தங்கிய அணி 13-11 என்று முடிப்பது அதிர்ஷ்டத்தால் மட்டும் நடப்பதில்லை.

சுடுவதிலும் பொறுமைக்கே மதிப்பு. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கெங்கோ போகும். ஒரு கணம் நின்று, தலை இருக்கும் உயரத்தில் குறிவைத்துச் சுட வேண்டும். முழு உயிரும் முழுக் கவசமும் சேர்ந்து 150 புள்ளி. வேண்டலின் குண்டு தலையில் பட்டால் 160 புள்ளி போய்விடும், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டாலும். பணக்கார அணியின் சிறந்த வீரரையும் ஒரு குண்டு வீழ்த்தும். காலடிச் சத்தம்கூடத் தகவல்தான்: ஓடினால் எதிரிக்குக் கேட்கும், மெல்ல நடந்தால் கேட்காது. ஹெட்செட் இல்லாமல் ஆடுபவர் பாதிக் குருடர்.

தொழில்நுட்பத்திலும் ரயட் நல்ல பெயர் வாங்கியது. விநாடிக்கு 128 முறை களத்தின் நிலையைப் புதுப்பிக்கும் சர்வர்களை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. அப்போது கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் அதிகாரபூர்வ சர்வர்கள் 64-இல் நின்றன. ஆரம்பத்தில் சிங்கப்பூர் சர்வரை நம்பித் தாமதத்தோடு போராடிய இந்திய ஆட்டக்காரர்களுக்கு மும்பையில் சர்வர் வந்தது பெரிய ஆறுதல். 4 ஜிபி ராம் கொண்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஆட்டம் ஓடும்படி செய்திருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் என்று ஒன்று வேண்டுமே. டெல் நிறுவனம் 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. பட்டுக்குப் பெயர்போன ஊருக்குப் பக்கத்திலேயே. இருந்தும் இந்தப் பக்கத்துப் பையன்களில் பெரும்பாலோருக்கு வாய்த்தது செல்போன்தான். அவர்கள் பப்ஜிக்கும் ஃப்ரீ ஃபயருக்கும் போனதற்கு அதுவே காரணம். வேலரண்டின் செல்போன் வடிவத்தை 2025 ஆகஸ்டில் சீனாவில்தான் முதலில் வெளியிட்டார்கள்.

இந்தியாவுக்கும் உள்ளே இடம் உண்டு. 2022 அக்டோபரில் ஹார்பர் வந்தார். முழுப்பெயர் வருண் பத்ரா, மும்பைக்காரர், தண்ணீரைச் சுவராக எழுப்புபவர். கொண்டாட்டம் கொஞ்ச நாளிலேயே தணிந்தது. அவர் எழுப்பும் நீர்ச்சுவர் பார்வையை மறைக்கும், குண்டை மறிக்காது. புகை போடும் மற்ற பாத்திரங்களோடு ஒப்பிட்டால் அப்போது பலன் குறைவாக இருந்தது. போட்டிகளில் அவரை எடுத்தவர்கள் மிகச் சிலரே. நம்மூர்ப் பாத்திரத்தை ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அணித்தோழர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டேதான் ஆட வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் வந்த ‘லோட்டஸ்’ களம் அப்படி ஏமாற்றவில்லை. கதைப்படி அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மறைந்துகிடக்கும் ஒரு பழங்கால நகரம். கைலாசநாதர் கோயிலையும் வரதராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தையும் பார்த்து வளர்ந்த காஞ்சிக் கண்ணுக்கு அந்தக் கல் வேலைப்பாடு எந்த ஊரையும் சேராத ஒரு பொதுவான ‘இந்தியக் கோயில்’ போலத் தோன்றலாம். ஆடுகளமாக அது கெட்டிக்காரத்தனமானது. வழக்கமாக ஸ்பைக் வைக்க இரண்டு இடம் இருக்கும், இங்கே மூன்று. காக்கும் ஐந்து பேர் மூன்று இடத்துக்குப் பிரிந்து நிற்க வேண்டும். கூடவே சுழலும் கல் கதவுகள். கதவைச் சுற்றினால் குறுக்குவழி கிடைக்கும், ஆனால் அந்தச் சத்தம் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே கதவைச் சுற்றி ஏமாற்றிவிட்டு வேறு பக்கம் போகிறவர்களும் உண்டு. பேசிவைத்துக்கொள்ளாத அணி இந்தக் களத்தில் தேறாது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது, ஒருவர் உடலை நெய்ய இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பார். ஒருவர் கை பிசகினால் இருவர் வேலையும் கெடும். அங்கே பக்கத்தில் இருப்பவர் மனைவியோ மகனோ, கை பழகிய ஆளோ. வேலரண்டில் தனியாக நுழைபவருக்கு மற்ற நான்கு பேரைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கிறது. ஒருவர் இந்தியில் பேசுவார், ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் வாயே திறக்க மாட்டார், இன்னொருவர் முதல் ரவுண்டு தோற்றதும் வசைபாடத் தொடங்குவார். ஆட்டத்தில் தமிழ் கிடையாது. தமிழ் மட்டும் பேசும் மாணவருக்கு, எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தும் வேகமாகச் சொல்ல வராது. பெண்கள் நிலை இன்னும் மோசம். குரல் கேட்டதும் வரும் கேலிக்குப் பயந்து மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கென ரயட் 2021-இல் ‘கேம் சேஞ்சர்ஸ்’ என்ற தனிப் போட்டித்தொடரைத் தொடங்கியது. குரல் உரையாடலைப் பதிவு செய்து வசையைக் கண்டுபிடிக்கும் முயற்சியை 2022 ஜூலையில் ஆரம்பித்தபோது, அது வட அமெரிக்காவில், ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழில் திட்டினால் எந்த இயந்திரத்துக்குப் புரியும்?

தொழில்முறை அணிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. இந்தியாவின் குளோபல் இ-ஸ்போர்ட்ஸ் அணிக்கு 2022-இல் வேலரண்டின் பசிபிக் லீக்கில் இடம் கிடைத்தது. 2023 மார்ச்சில் சியோலில் அந்த லீக் தொடங்கியது. அந்த அணியில் இந்தியர்களோடு கொரிய, இந்தோனேசிய வீரர்களும் இருந்தார்கள். தனித்தனியே கெட்டிக்காரர்கள்தான். அரை விநாடியில் ஒருவருக்கொருவர் புரியும்படி பேசுவதற்கு அது மட்டும் போதாது.

அடுத்த குறை, வாசலில் நிற்கும் காவலாளி. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ரயட் வைத்திருக்கும் ‘வேன்கார்ட்’ என்ற மென்பொருள், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானும் விழித்துக்கொண்டு, இயங்குதளத்தின் அடிமட்டம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று 2020-லேயே எதிர்ப்பு கிளம்பியது. அதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை பரிசு என்று நிறுவனம் அறிவித்தது. விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் ‘செக்யூர் பூட்’ போன்ற அமைப்புகள் சரியாக இல்லையென்றால் உள்ளேயே விடாது. அந்த அமைப்பை மாற்றத் தெரியாமல் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள் உண்டு.

இருந்தாலும் காவலாளியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவர் குறிவைக்க உதவும் திருட்டு மென்பொருளோடு மேடையிலேயே பிடிபட்டார். அந்தக் கோப்புக்கு ‘வேர்ட்’ என்று அப்பாவியாகப் பெயர் வைத்திருந்தார்கள். அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, கலைக்கவும் பட்டது. அவரோடு ஆடிய நான்கு பேரின் உழைப்பும் போனது. வேன்கார்டின் கெடுபிடி அதிகம்தான். ஆனால் அது இல்லாத களத்தில் நேர்மையாக ஆடுபவருக்கு இடமிருக்காது.

பண விஷயத்துக்கு வருவோம். இலவச விளையாட்டின் வருமானம் ‘ஸ்கின்’ எனப்படும் அலங்காரத்தில் இருக்கிறது. துப்பாக்கிக்கு வேறு நிறம், வேறு சத்தம். சுடும் வலிமை கடுகளவும் கூடாது. காசு கொடுத்து வெற்றியை வாங்க முடியாது என்பது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் கடையில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு நான்கு ஸ்கின் மட்டும் காட்டி, 24 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். இன்று விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பதைப்பை வளர்க்கும் தந்திரம் அது. வாங்கியதைத் திருப்பி விற்கவும் முடியாது.

நேரம்தான் வீட்டுச் சண்டைக்கு முதல் காரணம். ஒரு முழு ஆட்டம் முடிய சாதாரணமாக 40 நிமிடம் பிடிக்கும். பாதியில் எழுந்துபோனால் மற்ற நான்கு பேர் தவிப்பார்கள், போனவருக்கு ரேங்கில் புள்ளி குறையும், அடிக்கடி செய்தால் கொஞ்ச காலத்துக்கு ஆடவே விடமாட்டார்கள். “சாப்பிட வாடா” என்ற குரலுக்குப் பையன் பதில் சொல்லாததற்கு அடங்காமை மட்டும் காரணம் இல்லை. அதே நேரம், தோற்ற ஆட்டத்தின் ரேங்கை மீட்க இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று இரவு இரண்டு மணி வரை நீள்வதும் இந்த அமைப்பினால்தான். விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்து, படிப்பும் தூக்கமும் உறவும் கெட்டு, அந்த நிலை 12 மாத அளவுக்குத் தொடர்வதை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென ‘ஷட்’ என்ற தனிப் பிரிவே 2014 முதல் இயங்குகிறது. விடுமுறை நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிற பையனை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

வடிவமைப்பில் வேலரண்ட் முதல் தரம். தெரிந்த ஐந்து பேர் சேர்ந்து ஆடினால் இதற்கு ஈடான குழு விளையாட்டு கம்ப்யூட்டரில் அதிகம் இல்லை. தெரியாத நான்கு பேரோடு நள்ளிரவில் தனியாக ஆடுபவருக்கு அதே விளையாட்டு எரிச்சலையும் வசவையும்தான் மிச்சம் வைக்கும். ஐரோப்பிய மதிப்பீட்டில் இது 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மகனோ மகளோ இதை ஆடுகிறார் என்றால், கூட ஆடும் மற்ற நான்கு பேர் யார் என்று முதலில் கேளுங்கள். எத்தனை ஆட்டம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் ஸ்விட்சை அணைக்காதீர்கள். கார்டு விவரத்தை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்காதீர்கள்.