அலறும் வேர்

கோதுமை யறுப்புக் காலத்தில் ரூபன் கண்டெடுத்துத் தன் தாயாகிய லேயாளுக்குக் கொணர்ந்த கனி யாது எனின், ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தைக் கற்றோர் 'தூதாயீம்' என்று உடனே விடையிறுப்பர். தூதாயீம் என்பது யாது எனின், விடையிறுப்பார் சிலரே. அஃது எபிரேயச் சொல். தமிழ் வேதம் அதனை அவ்வண்ணமே வைத்துக்கொண்டது. ஆங்கில வேதமோ அதனை 'மாண்டிரேக்' என வழங்கும். இச்செடியைப் பற்றி மேனாட்டார் வழங்கிய கதையொன்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் இது வளரும். தண்டு ஓங்காது, இலைகள் நிலத்தோடு ஒட்டிப் பரந்து கிடக்கும். வேரோ பருத்து, பலகால் இரண்டாகப் பிளவுற்று, கால்களையுடைய மனித உருவம்போலத் தோன்றும். அவ்வுருவமே கதைக்கு வித்தாயிற்று. பிடுங்குங்கால் அவ்வேர் வாய்விட்டு அலறும் என்றும், அவ்வலறலைக் கேட்டவர் பித்தேறுவர் அல்லது மாய்வர் என்றும் ஐரோப்பியர் நம்பினர். ஆதலின் நாயொன்றை வேரிற் கட்டி, தம் செவிகளை அடைத்துக்கொண்டு, தூரத்தே நின்று அதனை அழைப்பராம். நாய் மாளும், வேர் மனிதனுக்காகும்.

யூத சரித்திராசிரியராகிய யொசீபஸ் முதல் நூற்றாண்டிலேயே, 'பாராஸ்' என்னும் வேரை நாயைக் கொண்டு பிடுங்கும் முறையை எழுதினார். அலறலை அவர் கூறினாரில்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது. ஷேக்ஸ்பியரின் ஜூலியத்தும், கல்லறையில் தனித்து விழித்தெழுவதை எண்ணி நடுங்குங்கால், இவ்வலறலை நினைக்கின்றாள்.

அச்சம் முற்றிலும் வீணன்று. ஊமத்தையிலுள்ள நஞ்சுகளே இதிலும் உள. அளவு மிஞ்சின் மனமயக்கமும் மரணமும் நேரும். அளவோடு மதுவிற் சேர்த்து, அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளிக்குக் கொடுத்ததை முதல் நூற்றாண்டு மருத்துவராகிய தியோஸ்கோரிதீஸ் எழுதிவைத்தார். இங்ஙனம் அரிய பொருளாகவே, வஞ்சகர் வேறொரு கொடியின் வேரை மனிதனாகச் செதுக்கி விற்றனர். ஜான் ஜெரார்டு என்னும் ஆங்கிலேயர் 1597-இல் வெளியிட்ட மூலிகை நூலில் இப்புரட்டைக் கண்டித்தார். தாமும் தம் ஏவலாளரும் பல வேர்களைத் தோண்டி நட்டும் மனித உருவம் எதனையும் கண்டிலர் என்பதே அவர் காட்டிய சான்று. ஒரு மண்வெட்டி செய்த சோதனை பன்னூற்றாண்டு அச்சத்தை நீக்கிற்று!

ஆயின் செடிகள் ஊமைகளோ? 2023-இல் இஸ்ரவேல் நாட்டுத் தெல் அவீவ் சர்வகலாசாலையார் ஒரு செய்தி வெளியிட்டனர். நீரின்றி வாடும் தக்காளியும், தண்டு அறுப்புண்ட புகையிலையும் சொடுக்கு ஒலிகளை எழுப்புகின்றனவாம். வாடிய தக்காளியில் மணிக்கு 30-க்கு மேற்பட்ட ஒலிகள். வாடாத செடியில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வொலியின் அதிர்வு வினாடிக்கு 40,000 முதல் 80,000 வரை. நம் செவிக்கோ 20,000-க்கு மேல் எட்டாது. நீர் செல்லும் நுண்குழல்களிற் காற்றுக்குமிழிகள் தோன்றி வெடித்தலே காரணமாகலாம் என்பர். இது நோவின் கூக்குரலன்று, செடிக்கு நரம்பில்லை. எனினும் தக்காளி, புகையிலை, மாண்டிரேக் மூன்றும் கத்தரிக் குடும்பத்தனவே என்பது வியக்கத்தக்கது.

ஜெரார்டு தோண்டிப் பார்த்துப் பொய்யை மறுத்தார். இன்றையோர் கருவியாற் கேட்டு மெய்யை நிறுவினர். இருவரும் செடியருகே சென்றே உண்மையை அறிந்தனர். செவியை அடைத்துக்கொண்டு தூரத்தே நின்றவர்க்குக் கதையே எஞ்சிற்று. நாம் எப்பக்கத்தே நிற்போம்?